களவாணி என்னைக்கோ வருவான், வெயிலு தெனமும் வருது

வா மருமகனே, இப்படித் திண்ணையில ஒக்காரு. வீட்டைச் சுத்திக் கேமரா மாட்டப் போறதா ஒங்கம்மா சொன்னா. ரொம்பச் சந்தோசம். நாலு கேமரா, மாடிக்கு ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வைஃபை டப்பா ரெண்டு, மொட்டைமாடியில டிஷ்ஷு, கம்பத்துல இருந்து வர்ற நெட்டு ஒயரு. இம்புட்டும் பால் காய்ச்சிக் குடிச்சு முடிச்ச பெறகுதான் ஒனக்கு ஞாபகம் வந்திருக்கு. முகப்புக்கு டைல்ஸு ஒட்டுறப்ப வரல. நெலைக்கதவுல கஜலட்சுமி செதுக்குறப்ப வரல. செவத்துல ரெண்டாங்கோட்டிங் பெயிண்டு காஞ்சதும் டாண்ணு வந்திருக்கு. படிச்ச புள்ளைக்கு ஞாபகமும் நேரம் பாத்துத்தான் வரும்.

கொத்தனாரு அன்னைக்கே சொன்னாரு. பூச்சு வேலைக்கு முந்தி நாலு எடத்துல ஒரு இஞ்சு பைப்பு பொதச்சு, உள்ள ஒரு நைலான் கயித்தையும் விட்டு வச்சிருங்க, பின்னால எந்த ஒயரு வேணுமோ கயித்துல கட்டி இழுத்துக்கிடலாம்னாரு. "வைஃபை காலத்துல ஒயரு எதுக்குண்ணே"ன்னு நீ சிரிச்ச. இப்ப வைஃபை டப்பாவுக்கே ஒயரு வேணும்னு எலக்ட்ரீசியன் பையன் சொன்னதும் அந்தச் சிரிப்பைக் காணோம்.

சரி விடு. இனிமே வெளிச்செவத்துலதான் ஓடணும். அதுல ஒண்ணும் மானக்கேடு இல்ல. நம்ம பக்கத்துல ஒயரு பொறந்து வளந்ததே வெளிச்செவத்துலதான். 1982ல சிலோன்ல ரூபவாஹினி டிவி ஆரம்பிச்சாக. மெட்ராஸ் படம் நமக்கு எட்டல, கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் தூத்துக்குடிப் பக்கம் வந்து நின்னுச்சு. மச்சுல அலுமினியக் குச்சி ஆண்டனா, அதுக்கொரு பூஸ்டரு, ஜன்னல் வழியா ஒரு தட்டை ஒயரு. தொண்ணூறுகள்ல கேபிள்காரன் கறுப்பு ஒயரோட வந்தான். 2006ல கலர் டிவியச் சும்மாவே குடுக்க ஆரம்பிச்சாக, ஒயரு இல்லாத செவத்துக்கும் ஒயரு வந்துச்சு. 2011ல அரசு கேபிள் மாசம் 70 ரூவான்னாக. அப்புறம் டிஷ்ஷு. இப்ப 12,525 ஊராட்சிக்கும் கண்ணாடி இழைன்னு கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக்கிட்டு இருக்காக. புதுசு வந்தப்ப பழசை எவனாவது கழட்டினானா? ஒங்க தாத்தா வீட்டுச் செவத்தைப் போய்ப் பாரு. கீழடியில தோண்டுனவுக இங்கன வந்தா மண்வெட்டி இல்லாமலே நாப்பது வருசச் சரித்திரத்தை அடுக்கடுக்கா எழுதிட்டுப் போயிருவாக. செத்துப்போன கேபிள் ஒயருல ஒங்க அத்தை இன்னைக்கும் சேலை காயப் போடுதா. அம்புட்டுக்காவது ஒழைச்சுச்சேன்னு நானும் வாயத் தொறக்கல.

இப்ப ஒன் கதைக்கு வருவோம். கேமரா எதுக்கு? களவாணிக்கு. அவன் என்னைக்கோ ஒரு நாள் வருவான், வராமலேயும் போவான். ஆனா ஒன் ஒயரைத் தேடி வர்ற ஆளுக வேற. வெயிலு தெனமும் வரும். மழை ஐப்பசி கார்த்திகையில வரும். எலியும் அணிலும் முறை வச்சு வரும். பெயிண்டுக்காரன் பொங்கலுக்குப் பொங்கல் வருவான். வீட்டுக்குக் கேமரா காவலு, கேமராவுக்கு யாரு காவலுன்னு கேட்டா நீ செல்போனத் தடவிக்கிட்டு நிக்க. ஒயரு போற வழியை அப்புறம் யோசி. இந்த நாலு பேரும் போற வழியை மொதல்ல யோசி.

வெயிலு விசயத்துல ஒனக்குச் செலவில்லாத யோசனை ஒண்ணு சொல்லுதேன். கடைக்குப் போயி, இருக்கிறதுலயே வெலை கம்மியா சாம்பக் கலருல நெட்டு ஒயரு கேளு. 305 மீட்டரு டப்பா குடுப்பான். வாங்கும்போது டப்பாவை ஒத்தக் கையில தூக்கிப் பாரு. லேசா இருக்கா? அப்ப செம்பு இல்ல, அலுமினியத்துக்குச் செம்பு பூசுன சரக்கு. கத்தியில கம்பியச் சொரண்டுனா உள்ள வெள்ளையாப் பல்லைக் காட்டும். அதையே வாங்கு. கொண்டாந்து மேக்காலச் செவத்துல, வெயிலு மூஞ்சிக்கு நேரா, பைப்பு கிய்ப்பு ஒண்ணும் இல்லாம ஆணிக் கிளிப்பு வச்சு அடிச்சு விடு. அந்தத் தோலு வீட்டுக்குள்ள நெழலுல இருக்க வேண்டிய பி.வி.சி. சில கோடை போனா வெளுத்து, மொறுமொறுத்து, வளைச்ச எடத்துல வெடிச்சு நிக்கும். ஒயரு மாத்துற சாக்குல நீயும் அடிக்கடி ஊருக்கு வருவ, ஒங்கம்மாவுக்கும் புள்ளையப் பாத்த மாதிரி இருக்கும்.

அப்படி அடிக்கடி வர லீவு கெடைக்காதுன்னா, காசு கூடப் போட்டு முழுச் செம்பு வாங்கு. வெளியில போடுறதுக்குன்னே கறுப்புத் தோலு ஒயரு இருக்கு. அது பாலித்தீன் தோலு, நூத்துக்கு ரெண்டு ரெண்டரை பங்கு கரி கலந்திருக்கும். அந்தக் கரிதான் வெயிலை முழுங்கிட்டுத் தோலைக் காப்பாத்துது. பொண்ணு பாக்கப் போன எடத்துல செவப்பு வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன ஆளு நீ. செவத்துக்காவது கறுப்பைப் பாத்து எடு.

எந்தச் செவத்துல போடணும்னு எலக்ட்ரீசியன் ஒன்னைக் கேப்பான். நீ "எது கிட்டமோ அதுல"ன்னு சொல்லுவ. கொஞ்சம் வானத்தையும் பாரு. மேக்க மத்தியானத்துக்கு மேல வெயிலு வறுத்தெடுக்கும். வடக்கையும் கெழக்கையும் வாடைக்காத்து மழை சாத்தும். ரெண்டுக்கும் எட்டாத எடம் ஒண்ணு ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலயும் இருக்கு, சன்ஷேடோட அடிப்பக்கம். அங்கன மழையும் நேரா படாது, உச்சி வெயிலும் படாது, தெருவுல நின்னு பாக்கிறவனுக்கும் தெரியாது. சன்ஷேடு இல்லாத எடத்துல பி.வி.சி. பைப்பு போடு, சேடில் வச்சுத் திருகாணி போட்டு இறுக்கு, செவத்துக் கலருல பெயிண்டு அடிச்சு விடு. மூலையில ஒயரைச் சப்பாத்தி மாதிரி மடிச்சுடாத, பெண்டு போட்டு வளைச்சுக் கொண்டு போ. கேட்-6 ஒயரைத் தன் தடிமனுக்கு நாலு மடங்கு ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாதும்பாக. ஒரு இஞ்சுக்குக் கொறையாம வளைவு இருந்தாப் போதும்.

அடுத்து தண்ணி. இதுலதான் நீங்கள்லாம் எங்கிட்ட மாட்டுவீக. தண்ணிக்குக் கேமரா தெரியாது, பாஸ்வேர்டும் தேவையில்ல. ஒயரைப் பிடிச்சுக்கிட்டு நேரா நடுவீட்டுக்கு வந்துரும். அதுக்கு நீ செய்ய வேண்டியதெல்லாம், மேல இருந்து வர்ற ஒயரை அப்படியே ஓட்டைக்குள்ள விடுறதுதான். ஓட்டையும் உள்பக்கம் சரிஞ்சு இருந்தா இன்னும் விசேசம். டிவிக்குப் பின்னால செவத்துல பூசணம் பூத்து, சென்னையில கூடக் கெடைக்காத டிசைன் கெடைக்கும்.

வேண்டாம்னா ரெண்டு காரியம் செய்யி. டிரில்லு போடுறப்ப வெளிப்பக்கம் தாழ்ந்து இருக்கிற மாதிரி சரிச்சுப் போடச் சொல்லு. ஒயரு ஓட்டைக்குள்ள போறதுக்கு முந்தி, ஓட்டைக்கும் கீழ தூளி மாதிரி ஒரு தொங்கல் விட்டு, அப்புறம் மேல ஏத்தி உள்ள விடு. வழிஞ்சு வர்ற தண்ணி அந்தத் தொங்கலோட அடியில சொட்டிட்டுப் போயிரும், மேடு ஏறாது. காசு செலவில்லாத வேலை. அதனாலதான் எவனும் செய்ய மாட்டேங்கான். ஓட்டையை சிலிக்கான் வச்சு அடை. ஜன்னல் வழியா மட்டும் விட்டுறாத. இந்தத் தெருவுல ஒயருக்காகச் சாத்தாம விட்ட ஜன்னலை எண்ணிப் பாரு. கேமராவுக்கு ஒயரு கொண்டுபோக ஜன்னலைத் தொறந்து போட்டு, களவாணிக்கு வழிவிட்ட வீடெல்லாம் இருக்கு.

இந்தா, வெத்தலைப் பெட்டியைத் தொறக்கேன். பாக்கு எடுக்க இல்ல, இதைப் பாரு. என்னன்னு தெரியுதா? கேமரா வாலுல மாட்டுற நெட்டு முனை. கண்ணாடி கணக்கா இருந்த பிளாஸ்டிக்கு மங்கிப் போச்சு. உள்ள எட்டு பல்லு, தங்க முலாம். மூணாவது நாலாவது பல்லைப் பாரு, பச்சையா நுரைச்சு நிக்குது. நகத்தால கீறுனா மாவா உதிரும். கேமரா ஐ.பி-66, எம்புட்டு மழையானாலும் தாங்கும்னு டப்பாவுல போட்டிருந்தான். பொய்யில்ல, கேமரா தாங்குச்சு. அது வாலு தாங்கும்னு எவன் சொன்னான்? மாட்டுனவன் வாலையும் ஒயரையும் சேத்து, கறுப்பு டேப்பு நாலு சுத்து சுத்தி, வெயில்ல தொங்க விட்டுட்டுப் போயிட்டான். சித்திரையில டேப்பு பசை எளகிக் கழண்டுச்சு, ஐப்பசியில தண்ணி குடி வந்துச்சு. ஒவ்வொரு கேமராவுக்குப் பின்னாலயும் ஒரு ஜங்ஷன் பாக்ஸு வையி, வாலு பூராவும் அதுக்குள்ள போகட்டும். பாக்ஸோட அடியில மட்டும் சின்னதா ஒரு தொளை இருக்கட்டும், உள்ள வேர்த்து விடுற தண்ணி வெளிய போகணும்ல.

அந்த எட்டுக் கம்பிக்கும் ஒரு வரிசை இருக்கு. பையன் என் திண்ணையில ஒக்காந்துதான் முனை கட்டுவான், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி முணுமுணுப்பான். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு. ரெண்டு பக்கமும் அதே வரிசை. ஜோடி ஜோடியா முறுக்கி வச்சிருக்கானே, அது அழகுக்கு இல்ல, வெளியில இருந்து வர்ற கரண்டு எரைச்சலை அந்த முறுக்குதான் அடிச்சு விடுது. முனை கட்டுறப்ப அரை இஞ்சுக்கு மேல முறுக்கைப் பிரிக்காதன்னு சொல்லு. அதே காரணத்துக்குத்தான் 230 வோல்ட்டு கரண்டு ஒயரோட ஒரே பைப்புல இதைப் போடாத. ஒரு அடியாவது தள்ளி ஓடட்டும். தாண்டித்தான் ஆகணும்னா குறுக்க வெட்டிப் போகட்டும், கூடவே ஒட்டி நடக்கக் கூடாது. மொட்டைமாடியில வளைஞ்சு நிக்குதே ஈ.பி. சர்வீஸ் பைப்பு, அதுல ஒயரைக் கட்டலாமேன்னு ஒருத்தன் சொல்லுவான். சொல்லுற ஆளையே அதுல கட்டி வையி.

கேமராவுல ரெண்டு சாதி இருக்கு. பழைய சாதிக்கு வீடியோ கேபிளு, மூணு ஒயரு ஒரு கோயாக்ஸுன்னு சேந்தே வரும், 12 வோல்ட்டு தனியா போகும். அதுல ஒரு வேடிக்கை சொல்லுதேன். ஒயரு நீளமாப் போச்சுன்னா வோல்டேஜு நடந்து வர்ற வழியிலேயே ஒயரு அதுல ஒரு பங்கைத் தின்னுருது. பகல்ல படம் பளிச்சுன்னு தெரியும். பொழுது சாஞ்சதும் கேமராவுக்குள்ள இருக்கிற சிவப்பு லைட்டு எரிய ஆரம்பிக்கும், அதுக்குக் கரண்டு கூட வேணும், பத்தாது, கேமரா அவிஞ்சு போகும். பகல் பூராவும் காவல் காத்துட்டு, ராத்திரியான உடனே தூங்குற வாட்ச்மேனு. சம்பளம் இல்லாததுனால திட்டவும் முடியாது. புது சாதிக்கு நெட்டு ஒயரு ஒண்ணு போதும், படமும் கரண்டும் அதுலயே போகும், பி.ஓ.இ.ம்பாக. கிட்டத்தட்ட 48 வோல்ட்டுல அனுப்புறதுனால வழியில அம்புட்டுச் சேதாரம் இல்ல. கரண்டும் அதுலயே போறதுக்குத்தான் முழுச் செம்பு வாங்குன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அதுவும் 100 மீட்டருக்கு மேல போகாது. கெணத்து மோட்டார் ரூமுக்கும் கேமரா வேணும்னு நிக்கியே, அங்கன வரைக்கும் செம்பை இழுக்காத. தூரம் ஒரு பக்கம், இடி ஒரு பக்கம். இடி ஒன் வீட்டு மேலதான் விழணும்னு இல்ல, பக்கத்துப் புஞ்சையில விழுந்தாலும் நீளமான கம்பியில ஒரு ஏத்து ஏத்திட்டுப் போகும். கண்ணாடி இழையில அந்தத் தொல்லை இல்ல.

கண்ணாடின்னதும் ஞாபகம் வருது. கம்பத்துல இருந்து வர்ற நெட்டு ஒயருல கனமாத் தெரியுறது இழுக்கிறதுக்கு வச்ச இரும்புக் கம்பி. அதைச் செவத்துக் கொக்கியிலேயே கட்டி நிறுத்திரு, வீட்டுக்குள்ள விடாத. உள்ள போறது தலைமுடி கனத்துல ஒரு இழை, அதுக்குள்ள ஓடுறது வெளிச்சம். அதை ஜன்னல் கதவுக்கு நடுவுல வச்சுச் சாத்துனா வெளிச்சம் அங்கனயே செத்துரும், பொட்டியில சிவப்பு லைட்டு எரியும். அப்புறம் கம்பெனிக்குப் போனைப் போட்டு, "காலையில வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு"ன்னு சண்டை போடு. நல்லாப் பொழுது போகும்.

பல்லு உள்ளவுகளைப் பத்திச் சொல்லணும். எலிக்கும் அணிலுக்கும் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், எதையாவது கடிச்சுத் தேய்க்காட்டி அதுகளுக்கு வாழ்வு இல்ல. ஒன் ஒயரு மேல ஒரு கோவமும் கெடையாது. மாமரத்துக் கெளை மாடிச் சுவருல ஒரசுற எடத்துல ஒயரைப் பைப்புக்குள்ள கொண்டு போ. பைப்பு வாயைத் தொறந்து போட்டா குளவி மண்ணைக் கொண்டாந்து அடைச்சு, வாடகை இல்லாமக் குடித்தனம் பண்ணும். கீழ் நோக்கித் திருப்பி வச்சு, அடைச்சு விடு. சிலந்தியை மட்டும் என்னாலயும் தடுக்க முடியாது. ராத்திரியில கேமரா வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், கண்ணாடிக்கு முன்னால வலை கட்டும். காத்துல அந்த நூலு ஆடுறப்பல்லாம் மெட்ராஸ்ல ஒன் போனு "ஆள் நடமாட்டம்"னு கத்தும். நீ அர்த்த ராத்திரியில ஒங்கம்மாவை எழுப்புவ, அவ என்னை எழுப்புவா, நான் டார்ச்சு லைட்டை எடுத்துட்டுப் போயி ஒரு சிலந்தியை விசாரிச்சுட்டு வரணும். மாசத்துக்கு ஒரு தடவை வெளக்குமாத்துக் குச்சியில துணி சுத்தித் தொடைக்க ஆளு வையி.

கடைசியா ரெண்டு காலு உள்ளவுக. பெயிண்டுக்காரன் ஒயரு மேல சேத்து அடிப்பான், எடஞ்சலா இருந்தா அத்து விட்டுட்டு, "ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு சார்"ம்பான். அவன் மேல தப்பு இல்ல, எது உசுரோட இருக்கிற ஒயரு எது செத்த ஒயருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு முனையிலும் பேரு எழுதி ஒட்டு. செத்ததை அன்னைக்கே கழட்டிரு. எந்தச் செவத்துல எது ஓடுதுன்னு ஒரு தாளுல படம் போட்டு, மீட்டர் பொட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வையி. ஒனக்கு இல்ல, ஒனக்கு அப்புறம் டிரில்லு மிசினோட வரப்போற ஒன் மகனுக்கு. பைப்புக்குள்ள கொத்தனாரு சொன்ன அந்தக் கயித்தையும் ஒண்ணு விட்டு வையி. இன்னும் பத்து வருசத்துல என்ன ஒயரு வரும்னு எனக்கும் தெரியாது, வர்றதுக்கு வழி இருந்தாப் போதும்.

மத்தபடி ஒன் பிளான்ல குத்தம் சொல்ல எதுவும் இல்ல. அந்த மூணாவது கேமரா ஒண்ணுதான். வாசலைப் பாக்க வேண்டியது, பையன் பென்சில்ல குறிச்சிருக்கிற எடத்தைப் பாத்தா நேரா இந்தத் திண்ணையத்தான் பாக்கும் போலிருக்கு. நாளைக்கு நீ மெட்ராஸ்ல ஒக்காந்து பாப்ப, "மாமா கையில என்னமோ பொகையுது"ன்னு ஒங்கம்மாட்ட வெள்ளந்தியாச் சொல்லுவ, அவ ஒங்க அத்தைக்குப் போனைப் போடுவா. டாக்டரு பீடியை விடச் சொன்னதுல இருந்து அவ என் சட்டைப் பையையே தெனமும் ரெண்டு தடவை சோதிக்கா. அதனால சொல்லுதேன், அதை முக்கால் அடி கெழக்க தள்ளி மாட்டச் சொல்லு. ஒயரு பத்தாதும்பான், நம்பாத. ஓட்டைக்குக் கீழ ஒரு தொங்கல் விடச் சொன்னேன்ல, ரெண்டு அடி தாராளமாவே விடச் சொல்லியிருக்கேன்.